படகோட்டி மாமாவின் நிறம்

என் கணவருக்கு நீதிமன்றத்தில் மொழிபெயர்க்கும் வேலை. சாட்சி ஒரு மொழியில் சொல்வதை நீதிபதிக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை கூட்டக்கூடாது, ஒரு வார்த்தை குறைக்கக்கூடாது. சாட்சி கெட்ட வார்த்தை சொன்னால் இவரும் அதே கெட்ட வார்த்தையை, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், நீதிபதியைப் பார்த்துச் சொல்வார். வீட்டில் அந்த மனிதர் வாயிலிருந்து ஒரு 'சனியனே' கூட வந்ததில்லை. ஆனால் தொழில் புத்தி மட்டும் கூடவே வீட்டுக்கு வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரி என்னை என்னென்ன பேசினாள் என்று நான் மூச்சு விடாமல் பொரிந்துகொண்டிருப்பேன். "அவங்க இதே வார்த்தையா சொன்னாங்க?" என்று கேட்பார். கையில் இருப்பதைத் தூக்கி அவர் தலையில் போடலாம் போல எனக்கு வரும்.

அப்பேர்ப்பட்ட ஆள்தான் பெற்ற மகளுக்கு வருடக்கணக்காக ஒரு புத்தகத்தை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

அது இவர் படிக்கிற காலத்தில் பேச்சுப் போட்டியில் ஜெயித்து வாங்கிய ஆங்கிலப் புத்தகம். ஒரு டாக்டர், அவருடைய தங்கை பிள்ளைகள் இரண்டு பேர், ஒரு படகோட்டி. ஒரு பெரிய ஆறு எங்கே பிறக்கிறது என்று தேடிப் போகிறார்கள். அவ்வளவுதான் கதை. எழுதி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் அச்சில் இருக்கிறது, பல தலைமுறைப் பிள்ளைகள் படித்தது என்று பெருமை அடித்துக்கொள்வார். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் மகள் சுண்டு இவர் மடியில் காலைத் தூக்கிப் போட்டுப் படுத்துக்கொள்வாள். சுண்டுவிரல் அளவுக்குப் பிறந்தவள் என்பதால் அந்தப் பெயர். இப்போது பத்து வயது, என் தோளுக்கு வந்துவிட்டாள், பெயர் மட்டும் வளரவில்லை. இவர் ஆங்கிலத்தைக் கண்ணால் படித்துத் தமிழை வாயால் சொல்வார். கண் இரண்டு வரி முன்னால் போகும், வாய் பின்னால் வரும். நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பேன். படகோட்டி வருகிற இடங்களில் மட்டும் வாய் கொஞ்சம் அதிகமாகப் பின்தங்கும். மனிதர் ரசித்துச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சுண்டுவுக்குப் படகோட்டி மாமா என்றால் உயிர். அவர் தண்ணீரின் சத்தத்தை வைத்தே முன்னால் பாறை இருப்பதைச் சொல்லிவிடுவார். பிள்ளைகள் சுழலில் மாட்டியபோது குதித்துக் காப்பாற்றியவர் அவர்தான். டாக்டரையே மடக்குவார். "டாக்டர் ஐயா, உங்க வரைபடத்துல ஆறு நிக்குது. இங்க ஓடுது" என்பார். வீட்டுப்பாடத்துக்கு நான் அட்டவணை போட்டு ஒட்டினால் சுண்டு இந்த வசனத்தைத்தான் என் மேல் ஏவுவாள்.

பள்ளிக்கூடத்தில் வாசிப்பு நாள் என்று ஒன்று வைத்தார்கள். பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த புத்தகத்தில் ஒரு பக்கத்தை வகுப்பில் சத்தமாக வாசிக்க வேண்டும். அம்மா அப்பா பின்னால் உட்கார்ந்து கேட்கலாம். நம் ஆள் எந்தப் புத்தகத்தைச் சொல்லியிருப்பாள் என்று சொல்லவே வேண்டாம். படகோட்டி மாமா முதலில் வருகிற பக்கத்தை வாசிக்கப் போகிறேன் என்று டீச்சரிடம் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். இதுவரை அந்தப் புத்தகத்தை அவளே பிரித்ததில்லை. அது அப்பாவின் வாயில் இருக்கிற புத்தகம். இப்போது ஆங்கிலம் எழுத்துக் கூட்டாமல் வருகிறது. அப்பா உதவி வேண்டாம், வகுப்பில் வைத்து அவருக்கே ஆச்சரியம் கொடுக்க வேண்டும் என்பது திட்டம். எனக்கு மட்டும் ரகசியம் சொன்னாள். பக்கத்தைத் தேடி வைக்கும் வேலையும் எனக்குத்தான்.

தேடினேன். கிடைத்தது. நின்ற இடத்திலேயே படித்தேன்.

கரிக்கட்டையைச் செதுக்கி எண்ணெய் தடவியதுபோல் ஒருவன் கரையில் நின்றிருந்தானாம். டாக்டர் முகம் பார்க்கும் கண்ணாடியை நீட்டியதும், தெரிகிற முகத்தைப் பேய் என்று நினைத்து அலறிப் படகுக்கடியில் போய் ஒளிந்தானாம். இவனுக்கு மூளை கொஞ்சம், விசுவாசம் நிறைய என்கிறார் டாக்டர். கரிக்கட்டை என்றே பெயரும் வைக்கிறார். அதன் பிறகு புத்தகம் முழுக்க அவனுக்கு அதுதான் பெயர். டாக்டரின் நாய் தின்றது போக மீதியைத் தின்று, நாயின் பக்கத்திலேயே படுத்து, அதற்கும் பல்லைக் காட்டிச் சிரித்தானாம். தண்ணீரின் சத்தம் எங்கே, வரைபட வசனம் எங்கே என்று பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஒன்றும் இல்லை. பிள்ளைகளைச் சுழலிலிருந்து காப்பாற்றியது டாக்டர். இவன் கரையில் நின்று அழுதான்.

எனக்கு ஏன் அவ்வளவு பயம் வந்தது என்று சொல்ல வேண்டும். சுண்டு அப்பாவைப் போல. நல்ல கருப்பு. போன வருடம் வகுப்பில் சிலதுகள் அவளைக் கரிச்சட்டி என்று கூப்பிட்டிருக்கின்றன. அவள் வீட்டில் மூச்சு விடவில்லை. நானாகக் கண்டுபிடித்து, தலைமை ஆசிரியை அறையில் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வந்தேன். அதன் பிறகு அடங்கியிருந்தது. இப்போது இவளே எழுந்து நின்று, அதே பிள்ளைகளுக்கு முன்னால், எனக்கு மிகவும் பிடித்த ஆள் இவர்தான் என்று சொல்லி, இந்தப் பக்கத்தை வாசிக்கப் போகிறாள். பட்டப்பெயரைத் தட்டில் வைத்து நீட்டுவதற்கு வேறு என்ன வேண்டும்.

மறுநாள் வேலையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் போட்டோ ஸ்டூடியோவில் படங்களைச் சரிசெய்கிறவள். பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே இருட்டு எல்லாம் எடுப்பேன். பாதிப் பேர் படத்தைக் கையில் வாங்கியதும் சொல்கிற வார்த்தை ஒன்றுதான்: "கொஞ்சம் கலராக்கிடுங்க." கம்ப்யூட்டரில் ஒரு இழு இழுத்தால் முகம் வெளுத்துவிடும். அன்று மாப்பிள்ளைப் படத்தை வெளுக்கச் சொன்னவருக்கு, படத்தில் மாப்பிள்ளைக்குப் பின்னால் இருந்த திரையை வெளுத்துக் கொடுத்துவிட்டேன். ஆள் இன்னும் இரண்டு மடங்கு கருப்பாகத் தெரிந்தார். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் சீக்கிரமே வீட்டுக்குக் கிளம்பினேன். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

வீட்டில் சுண்டு தரையில் குப்புறப் படுத்து, வாசிப்பு நாளுக்கான படம் வரைந்துகொண்டிருந்தாள். படகு, ஆறு, நடுவில் படகோட்டி மாமா. தலைப்பாகையும் துடுப்பும் முடிந்துவிட்டன. முகத்துக்குப் பென்சில் தேடிக்கொண்டிருந்தாள். பெட்டியிலிருந்து எடுத்தது இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்தது போன்ற ஒன்று.

ஏன் அந்தக் கலர் என்று கேட்டேன்.

"இதுதாம்மா ஸ்கின் கலர்," என்றாள். இதுகூடத் தெரியாதா என்ற தொனி.

அந்தப் பென்சிலைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். அவளுக்கு அது தெரியவில்லை. நாக்கை நீட்டிக்கொண்டு, கோட்டுக்கு வெளியே போகாமல், படகோட்டி மாமாவின் கன்னத்தை வெளுப்பாகத் தீட்டிக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்லித் தொலைத்துவிடுவேனோ என்று சமையலறைக்குப் போய், கழுவிய பாத்திரங்களையே எடுத்து மறுபடி கழுவினேன்.

இவர் வந்ததும் படுக்கையறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினேன். சுண்டுவின் ஆச்சரியம் போனால் போகட்டும் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். நீதிமன்றத்தில் ஒரு வார்த்தை விட்டால் வேலை போய்விடும், வீட்டில் ஒரு மனிதனையே விட்டுவிட்டீர்களே என்றேன். இவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். ஆறு வயதுக் குழந்தையிடம் அதை எப்படி அப்படியே சொல்வது என்று கேட்டார். பத்து வயது ஆகட்டும், பிறகு புரியவைக்கலாம் என்று நினைத்திருந்தாராம். அவளுக்கு எப்போதோ பத்து ஆகிவிட்டது என்று ஞாபகப்படுத்தினேன்.

புத்தகத்தை எடைக்குப் போட்டிருக்க வேண்டும், இதைவிட்டால் உலகத்தில் கதையே இல்லையா என்று கேட்டேன். அதற்குத்தான் அவருக்குக் கோபம் வந்தது. அந்த ஆறு வருகிற பக்கங்களைப் படித்துத்தான் தனக்கு மொழி என்றால் என்ன என்று தெரிந்தது என்றார். அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் இந்த வேலையும் இல்லை, இந்த வீடும் இல்லை என்றார். சின்ன வயதில் படித்தபோது அந்தக் கரிக்கட்டை விஷயம் உறுத்தவில்லையா என்றேன். உறுத்தவில்லையாம், தன்னை எப்போதும் அந்த டாக்டரின் தங்கை மகனாக நினைத்துக்கொண்டுதான் படித்தாராம். அதைச் சொன்னபோது அவர் முகம் எனக்குப் பிடிக்கவில்லை.

சுண்டு வரையும் படத்தைப் பற்றிச் சொன்னேன். படகோட்டிக்குப் புத்தி கொடுத்தீர்கள், தைரியம் கொடுத்தீர்கள், நிறத்தை மட்டும் எங்கே போட்டீர்கள் என்று கேட்டேன்.

பாதியில் நிறுத்திய பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "நிறம் வர்ற எடத்துல எல்லாம் ஒரு திட்டும் ஒட்டிக்கிட்டே இருந்துச்சு. தனியாப் பிரிச்சு எடுக்க முடியல. ரெண்டையும் சேர்த்து எடுத்துட்டேன்."

வாசிப்பு நாள் மறுநாள்தான். காய்ச்சல் என்று சொல்லி அவளை அன்றைக்கு வீட்டில் நிறுத்திவிடலாம் என்றேன். வேறு பக்கம், வெறும் ஆறு மட்டும் வருகிற பக்கம் ஒன்றைக் குறித்துக் கொடுக்கலாம் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு எழுந்து போய் மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"சுண்டு, அந்தப் பக்கத்தை இன்னைக்கு அதுல இருக்கிறபடியே சொல்றேன். நான் இவ்வளவு நாளும் அப்படிச் சொல்லல," என்றார்.

அவள் வழக்கம்போல அவர் மடியில் காலைப் போட்டாள். அவர் சொன்னார். நீதிமன்றக் குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல், கண்ணாடி, பேய், மூளை, நாய் எல்லாவற்றையும். கரிக்கட்டை என்ற இடத்தில் அவள் காலை மெதுவாக எடுத்துக்கொண்டாள். முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து, அப்படியானால் சுழலில் குதித்தது யார் என்று மட்டும் கேட்டாள். டாக்டர் என்றார் இவர். புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கிப் பையில் வைத்தாள். வரைந்த படத்தையும் சுருட்டி உள்ளே வைத்தாள். எந்தப் பக்கத்தை வாசிக்கப் போகிறாய் என்று நான் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. காலையிலும் அப்படித்தான். காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்று நானே கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

வகுப்பறையில் பெற்றோர்களுக்குக் குட்டி நாற்காலிகள். முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தோம். சுண்டுவின் முறை வருவதற்குள் நான் கைப்பையைப் பத்து தடவை திறந்து மூடியிருப்பேன். அவள் போய் நின்றாள். புத்தகத்தைப் பிரித்த இடத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அதே பக்கம்.

ஆங்கிலத்தில் அப்படியே வாசித்தாள். ஒரு வார்த்தை விடவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அப்பாவின் நீதிமன்றக் குரலில் வாசித்தாள். கண்ணாடியைப் பார்த்துப் பயந்த இடத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள். கரிக்கட்டை வந்ததும் மூன்றாவது வரிசையில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனை முழங்கையால் இடித்தான். எழுந்து போய் அவன் காதைத் திருகலாம் என்று எனக்குக் கால் பரபரத்தது. இவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் கையும் வேர்த்திருந்தது. நாயின் பக்கத்தில் படுத்துச் சிரித்த இடம் வந்தபோது வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அவள் வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடினாள்.

டீச்சருக்கு முகமே சரியில்லை. ஏன் இந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டார்.

"எனக்கு இவரைப் பிடிக்கும். இந்தப் பக்கம் பிடிக்காது," என்றாள்.

அதற்குப் பிறகு பெரியவர்களின் கச்சேரிதான். எனக்கு முன்னால் இருந்த அம்மா, இதெல்லாம் எப்படிப் பள்ளிக்கூடத்துக்குள் வந்தது, இந்த மாதிரிப் புத்தகத்தைத் தடை செய்ய வேண்டாமா என்று ஆரம்பித்தார். நாங்களும் இதைத்தான் படித்து வளர்ந்தோம், கெட்டா போய்விட்டோம் என்றார் டை கட்டிய ஒரு அப்பா. அவரைப் பார்த்தால் அது அவ்வளவு நிச்சயமாகத் தெரியவில்லை. அந்தக் காலம் அப்படி, அந்தக் காலத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் இன்னொருவர். அந்தச் சில பக்கங்களை மட்டும் கிழித்துவிட்டால் போதும், மீதிக் கதை நல்ல கதைதானே என்றார் வேறொருவர். டீச்சர் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை. தடை செய்யச் சொன்ன அம்மா பேசும்போது அவர்மேல் கோபம் வந்தது. டை கட்டியவர் பேசும்போது அவர்மேல் அதைவிட வந்தது. இவ்வளவு பேர் பிள்ளைகளுக்கு எது நல்லது என்று பேசிக்கொண்டிருந்தார்கள், நடுவில் ஒரு பிள்ளை புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, போய் உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தது. நான்தான் எழுந்து, "அவ உக்காரட்டும்," என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

பள்ளி முடிந்து மூன்று பேரும் பஸ் நிறுத்தத்தில் நின்றோம். யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். முழங்கையால் இடித்தவன் கரிக்கட்டை என்று ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தானாம். அவன் அம்மா அங்கேயே முதுகில் ஒன்று வைத்தாராம். அதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. பயந்தது போல ஒன்றும் நடக்கவில்லை, பிள்ளை தாங்கிக்கொண்டாள், முடிந்தது என்று நினைத்தேன். இவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். ரொம்ப நன்றாக வாசித்தாய் என்று அவள் தலையைத் தடவினார்.

படத்தை ஏன் டீச்சரிடம் கொடுக்கவில்லை என்று கேட்டார்.

"அது தப்பு," என்றாள். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "அப்பா, பொய் சொல்லாமச் சொல்லுங்க. நீங்க கதை சொல்றப்போ உங்க மனசுல படகோட்டி மாமா என்ன கலர்ல இருந்தார்?"

நான் இவரைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்து எந்தச் சாட்சிக்கும் இவர் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். தன் கருத்த கையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டார்.

"வெள்ளையாத்தான் இருந்தார்மா," என்றார்.

அழப் போகிறாள் என்று நினைத்து அவளை என் பக்கம் இழுத்தேன். அவள் அழவில்லை. அவருக்கு ஆறுதல் சொல்வது போல அவர் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"எனக்கும் அப்படித்தாம்ப்பா. நேத்து நீங்க நிஜத்தைச் சொன்னதுக்கு அப்புறமும் வெள்ளையாத்தான் வர்றார். கண்ண மூடிக்கிட்டு மாத்தி மாத்திப் பாத்தேன். கருப்பா ஆக்கினா உடனே போய் நாய் பக்கத்துல படுத்துக்கிறார்."

பஸ் வந்தது, எங்களுடையதுதான். நாங்கள் மூன்று பேரும் ஏறாமல் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து, நடத்துனர் வருகிறீர்களா இல்லையா என்று இரண்டு தடவை கேட்டார்.